4×2 பிக்கப்பை 4×4 ஆக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏணி வடிவ லேடர் ஃபிரேமின் மேல் கேபினும் சாமான் ஏற்றும் தொட்டியும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், பின்சக்கரம் தள்ளி ஓடும் பிக்கப்புகளுக்கானது இந்தப் பக்கம். ஃபிரேமும் பாடியும் ஒன்றாகவே அமைந்த மோனோகாக் வண்டிகளுக்கு இதில் எதுவும் பொருந்தாது. இரண்டு சக்கர இயக்கத்தை 4×2 என்றும் நான்கு சக்கர இயக்கத்தை 4×4 என்றும் குறிப்பிடுகிறோம்.

மாற்ற முடியுமா? மாற்றலாமா?

முடியும். மாற்றலாமா என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேருக்கு வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். இருக்கும் வண்டியை விற்று, கையிலிருந்து கொஞ்சம் போட்டு, கம்பெனியிலிருந்தே 4×4 ஆக வந்த அதே மாடலை வாங்கினால் பணமும் மிச்சம், நேரமும் மிச்சம். மாற்றிய வண்டியை விற்கப் போனால் செலவழித்ததில் பாதி கூடத் திரும்பாது. வாங்குபவர் வெல்டிங்கைக் குனிந்து பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார்.

அப்படியும் மாற்றுவதில் அர்த்தம் இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஃபிரேமிலும் பாடியிலும் துரு இல்லாத வண்டி, இன்ஜின் புதிதாக வேலை பார்த்தது, பக்கத்திலேயே அடிபட்ட அதே மாடல் 4×4 ஒன்று முழுசாகக் கிடைக்கிறது என்றால் கணக்கு மாறும். உங்கள் கேபின் அமைப்பிலோ தொட்டி நீளத்திலோ 4×4 வந்ததே இல்லை என்றாலும் சரி.

லாக்கர் போட்டால் போதாதா?

பலருக்குப் போதும். சாதாரண டிஃபரன்ஷியலில் (இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் தொகுதி) ஒரு பின்சக்கரம் சேற்றில் சுழன்றால் மற்றொன்று சும்மா நிற்கும். பின் ஆக்சிலில் லாக்கரோ (இரு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுவது) லிமிடெட் ஸ்லிப்போ (ஒன்று மட்டும் சுழல்வதை ஓரளவு தடுப்பது) போட்டு, மண்ணுக்கேற்ற டயர் மாட்டி, மணலில் காற்றைக் குறைத்து ஓட்டினால், சாதாரண 4×4 போகும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு 4×2 பிக்கப்பும் போய்விடும். காலித் தொட்டியில் பின்சக்கரத்துக்கு மேல் கொஞ்சம் எடை வைத்தாலே பிடிப்பு நன்றாகக் கூடும். முன்னால் ஒரு வின்ச் (கயிறு கட்டி வண்டியை இழுக்கும் கருவி) இருந்தால் மிச்சமும் தீர்ந்தது. செங்குத்தான ஏற்றத்தில் இது கைகொடுக்காது. அங்கே முன்சக்கர இழுப்பும் லோ ரேஞ்சும்தான் (மெதுவான வேகத்தில் கூடுதல் இழுப்பு தரும் கியர்) வேண்டும்.

என் வண்டி சுலபமானதா, கஷ்டமானதா?

4×2, 4×4 இரண்டுக்கும் கம்பெனி ஒரே ஃபிரேமைப் பயன்படுத்தியதா என்று பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

சில 4×2 வண்டிகள் 4×4 ஃபிரேமிலேயே, அதே உயரத்தில் வந்தவை. டொயோட்டா டக்கோமாவின் ப்ரீரன்னர் இதற்கு நல்ல உதாரணம்: 4×4 வண்டியின் உயரம், அதே ஆறு போல்ட் வீல், முன் டிஃபரன்ஷியல் மட்டும் இல்லை. ஃபோர்டு ரேஞ்சரிலும் இசுசு டி-மேக்ஸிலும் ஹை-ரைடர், ஹை-லேண்டர் என்ற பெயர்களில் உயரமான 4×2 வண்டிகள் வந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி போல்ட் போட்டு முடிகிற வேலை.

எதிர்முனையில் இருப்பவை முன் சஸ்பென்ஷனே வேறு வேறாக வந்தவை. 1988-98 ஜிஎம் முழு அளவு பிக்கப்புகளில் 4×2க்கு முன்னால் காயில் ஸ்பிரிங், 4×4க்கு டார்ஷன் பார். ஜிஎம்மின் சின்ன பிக்கப்பான எஸ்-10லும் அப்படித்தான். 1994-2001 டாட்ஜ் ராமில் 4×2 தனித்தனி சஸ்பென்ஷன், 4×4 முழு ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே திடமான ஆக்சில்). 1979-85 டொயோட்டா ஹைலக்ஸில் 4×2க்கு டார்ஷன் பார், 4×4க்கு லீஃப் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த முழு ஆக்சில். இவற்றில் முன் கிராஸ்மெம்பரை (ஃபிரேமின் இரு கைகளை இணைக்கும் குறுக்குச் சட்டம்) வெட்டியெடுத்துப் புதிய பிராக்கெட்டுகளை வெல்ட் செய்ய வேண்டும்.

சோதிக்க எளிய வழி: ஒரே ஆண்டு, ஒரே வீல்பேஸ் உள்ள 4×2, 4×4 இரண்டின் அடியிலும் படுத்து, முன் கிராஸ்மெம்பர், கியர்பாக்ஸ் மவுன்ட், ஃபிரேமில் சும்மா இருக்கும் துளைகள் ஆகியவற்றை போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். 4×2 ஃபிரேமில் எதற்கென்றே தெரியாத துளைகள் 4×4 பிராக்கெட் இருக்கும் அதே இடத்தில் இருந்தால் நல்ல சகுனம்.

என்னென்ன பாகங்கள் வேண்டும்?

பெரிய சாமான்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: முன் ஆக்சில் அல்லது டிஃபரன்ஷியலோடு ஆக்சில் ஷாஃப்டுகள், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), 4×4 கியர்பாக்ஸ், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட், நீளம் மாறிய பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட், நக்கிள் (முன்சக்கரம் திரும்பும் மூட்டு), ஹப், முன் பிரேக், ஸ்பிரிங் அல்லது டார்ஷன் பார், ஷாக் அப்சார்பர்.

வேலையை இழுத்தடிப்பது இந்தப் பட்டியலில் இல்லாத சின்னச் சாமான்கள்தான். கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பரும் ரப்பர் மவுன்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர், அதன் லிங்க், ரப்பர் பூட், அது வெளியே வரும் ஓட்டை உள்ள ஃப்ளோர் தகடு. முன் டிஃபரன்ஷியல் இன்ஜினுக்கு அடியில் வரும் வண்டிகளில் ஆயில் சம்ப்பும் அதோடு ஆயில் உறிஞ்சும் பிக்கப் குழாயும். சம்ப்பை மட்டும் மாற்றிப் பழைய குழாயை விட்டுவிட்டால் குழாயின் வாய் ஆயிலுக்குள் சரியாக இறங்காது, இன்ஜினுக்கு ஆயில் கிடைக்காமல் போகும். எக்ஸாஸ்ட் முன்குழாய், பிரேக் ஹோஸ், ஸ்பீடோமீட்டர் கியர் அல்லது சென்சார், 4×4 விளக்குக்கான ஸ்விட்ச், அதன் வயரிங், ஆக்சில் பிரீதர் ஹோஸ் இவையும் உண்டு. யூ-போல்ட் எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒருமுறை முழு இறுக்கம் கண்ட யூ-போல்ட் நீண்டுவிடும், திரும்பப் போட்டால் பிடிப்பு நிற்காது.

பாகம் எடுப்பதற்கான டோனர் வண்டியை முழுசாக வாங்குவதா, பாகமாகச் சேர்ப்பதா?

முழு வண்டி. இதில் எங்களுக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. தனித்தனியாகச் சேர்த்தால் பெரிய நான்கு சாமான் மலிவாகக் கிடைத்துவிடும். அப்புறம் சின்னதாக நாற்பது சாமானுக்கு அலைய வேண்டியிருக்கும். முழு வண்டி இருந்தால் ஒரு பைப் எந்தப் பக்கம் வளைகிறது என்ற சந்தேகத்துக்குக்கூட எட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். உங்கள் வண்டி ஓடத் தொடங்கும் வரை டோனரை முழுசாகப் பிரித்து விற்றுவிடாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு தொகுதியின் போல்ட்டையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

வாங்கும் முன் டிஃபரன்ஷியல் ஆயில் டிரெயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற துகள்கள் இருந்தால் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது. செயின் வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் 4×4 போட்டு முன் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் மிக அதிகமாக இருந்தால் செயின் நீண்டிருக்கும். பாரம் ஏறும்போது அது பல் தாண்டி டக்கென்று அடிக்கும்.

என் கேபினை 4×4 சேஸிஸில் தூக்கி வைத்துவிடலாமே?

முன் சஸ்பென்ஷன் முற்றிலும் வேறாக உள்ள மாடல்களில் இதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனமான வழி. வீல்பேஸும் கேபின் மவுன்டுகளும் ஒத்துவந்தால், கேபினைத் தூக்கி வைப்பது ஃபிரேமை வெட்டி ஒட்டுவதைவிட எளிது, பாதுகாப்பும் கூட. வண்டியின் அடையாள எண் ஃபிரேமில் அடிக்கப்பட்டிருக்கும் என்பதுதான் சிக்கல். சட்டப்படி அது இப்போது டோனரின் வண்டி. டோனரின் ஆவணங்கள் சுத்தமாக இல்லாவிட்டால் இந்த வழியைத் தொடாதீர்கள்.

கியர்பாக்ஸை மாற்றியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் ஆமாம். 4×2 கியர்பாக்ஸின் பின்பக்கம் நீண்ட டெயில் ஹவுசிங்கும் ஸ்லிப் யோக் (புரொப்பெல்லர் ஷாஃப்டின் வழுக்கும் முனை) நுழையும் நீண்ட வெளியீட்டு ஷாஃப்டும் இருக்கும். 4×4இல் ஷாஃப்ட் குட்டையானது, டிரான்ஸ்ஃபர் கேஸ் நேரே போல்ட்டில் உட்காரும். ஷாஃப்டை மட்டும் மாற்ற கியர்பாக்ஸ் முழுவதையும் பிரிக்க வேண்டும், ஆட்டோமேட்டிக்கிலும் அப்படியே. அதைவிட 4×4 கியர்பாக்ஸையே வாங்கிவிடலாம். டொயோட்டாவில் பெயரைப் பார்த்தாலே தெரியும்: ஆர்150 என்பது 4×2, ஆர்150எஃப் என்பது 4×4. ஏ340இ, ஏ340எஃப் ஆட்டோமேட்டிக்குகளும் இப்படித்தான்.

வேறு கம்பெனி டிரான்ஸ்ஃபர் கேஸைச் சேர்ப்பதானால் முதலில் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையில் நீளவாட்டில் உள்ள பற்கள்) எண்ணுங்கள். ஜிஎம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுகளில் டிஎச்350க்கும் 700ஆர்4க்கும் 27, டிஎச்400க்கு 32. எண்ணிக்கை ஒத்துவராத இடத்தில் அடாப்டர் வந்து சேரும். அடாப்டர் வந்தால் நீளம் கூடும், நீளம் கூடினால் பின் ஷாஃப்ட் குட்டையாகி அதன் கோணம் செங்குத்தாகும்.

பழைய கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்ள ஒரே வழி தனியாக நிற்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸோடு ஒட்டாமல், நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் வைத்து ஃபிரேமில் மாட்டுவார்கள். நியூ பிராசஸ் கம்பெனியின் 205 கேஸில் இந்த வகை உண்டு, சுசுகி சாமுராயின் கேஸும் இவ்வகைதான். பெரிய பிக்கப்புக்கு சாமுராய் கேஸ் தாங்காது. அதன் ஹை ரேஞ்சே 1:1 இல்லை, 1.409 என்பதால் நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தும். நடுவிலுள்ள குட்டை ஷாஃப்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இல்லாவிட்டால் அதிர்வு நிச்சயம்.

எந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் நல்லது?

உங்கள் கியர்பாக்ஸுக்குக் கம்பெனி போட்டதுதான். மற்றவற்றைப் பற்றி ஆர்வத்துக்காகச் சொன்னால்: நியூ பிராசஸ் 205 வார்ப்பிரும்பு உடல், உள்ளே முழுக்க கியர், சுமார் 60 கிலோ எடை, எளிதில் உடையாது, ஆனால் லோ ரேஞ்ச் 1.96 மட்டுமே. 231, 241 இரண்டும் அலுமினிய உடல், செயின், லோ ரேஞ்ச் 2.72. பாறை ஏறுகிறவர்களுக்கு 2.72 வித்தியாசத்தைக் காட்டும்.

பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது பக்கம். முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளியே வருகிறதோ முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியலும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். 1973-87 ஜிஎம் பிக்கப்பின் ஆக்சிலில் அது வலப்பக்கம். 1980களின் ஃபோர்டு பிக்கப்புகளில் இடப்பக்கம். மலிவாகக் கிடைத்ததென்று தவறான பக்கத்து ஆக்சிலை வாங்கித் தலைகீழாகத் திருப்பி மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம். முன்சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலும்.

முன், பின் ரேஷியோ எவ்வளவு ஒத்துப்போக வேண்டும்?

சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் ரேஷியோ. இரண்டிலும் ஒரே எண் வேண்டும். 4.10க்கு 4.09, 3.55க்கு 3.54 போன்ற ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசம் கம்பெனி வண்டிகளிலேயே உண்டு, அது பரவாயில்லை. பின்னால் 4.10, முன்னால் 3.73 என்று போட்டுவிட்டால் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்போது, பின்சக்கரம் 100 மீட்டர் போக வேண்டிய இடத்தில் முன்சக்கரம் 110 மீட்டர் போக முயலும். அந்தப் பத்து மீட்டர் டயர் வழுக்கலாகவோ, செயினிலும் கிராஸிலும் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையின் மூட்டு) முறுக்கமாகவோ வெளிப்படும். தார்ச்சாலையில் 4×4 போட்டால் லீவர் திரும்ப வெளியே வராது.

ஆக்சிலில் உள்ள தகட்டை மட்டும் நம்பாதீர்கள், யாராவது உள்ளே கியர் மாற்றியிருக்கலாம். நீங்களே எண்ணுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரம் தரையில், மற்றொன்று ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில். டயரிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கம் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதி வேகத்தையே கணக்கில் எடுக்கும், அதனால்தான் இரண்டு சுற்று. ஷாஃப்ட் நான்கைத் தாண்டி இன்னும் பத்தில் ஒரு பங்கு சுற்றினால் 4.10. லாக்கர் உள்ள ஆக்சிலில் இந்த முறை வேலை செய்யாது. இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். கியர் வெளியே இருந்தால் பல்லை எண்ணி வகுத்தால் ஆயிற்று: 41க்கு 11 என்றால் 3.73, 41க்கு 10 என்றால் 4.10.

டயர் அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 28 அங்குல டயரோடு 3.90 ஓடிய வண்டியில் 31 அங்குலம் போட்டால் அது 3.52 போல இழுக்கும். பழைய இழுப்பு திரும்ப வர 4.30 பக்கத்தில் போக வேண்டும்.

முழு ஆக்சிலா, தனித்தனி சஸ்பென்ஷனா?

ஃபிரேம் எதற்காகச் செய்யப்பட்டதோ அது. சாலையில் அதிகம் ஓடும் வண்டியில் தனித்தனி சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு முழு ஆக்சில் போடுவது அழகுக்காகச் செய்கிற வேலைதான். ஆனால் 4×2 ஃபிரேமும் 4×4 ஃபிரேமும் வேறாக உள்ள வண்டியில், எப்படியும் வெல்டிங் செய்யத்தான் போகிறோம் என்றால், லீஃப் ஸ்பிரிங்கில் முழு ஆக்சில் வைப்பது எளிது. இரண்டு ஹேங்கர், இரண்டு ஷேக்கிள், ஷாக் மவுன்ட், அவ்வளவுதான். தனித்தனி சஸ்பென்ஷனின் கன்ட்ரோல் ஆர்ம் மவுன்டுகளை மில்லிமீட்டர் பிசகாமல் வேறு ஃபிரேமில் நகலெடுப்பது ஜிக் (அளவு பிசகாமல் பிடித்துவைக்கும் சட்டம்) இல்லாமல் நடக்காத காரியம்.

உயரம் ஏற்ற முன் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கும். கட்டை நழுவினால் ஸ்டியரிங்கும் கூடவே போய்விடும். பின்னால் வைக்கலாம்.

ஃபிரேமில் வெல்டிங் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பேட்டரி இணைப்பையும் இன்ஜின் கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்றுங்கள். எரிபொருள் டேங்க் அருகில் இருந்தால் இறக்கி வெளியே வையுங்கள். ஃபிரேமின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிட வேண்டாம், குறுக்காக வெல்ட் கோடு போடவும் வேண்டாம். வளைவு விசை அங்கேதான் அதிகம், விரிசல் அங்கேதான் பிறக்கும். துளையும் வெல்டும் பக்கச் சுவரின் நடுவில் இருக்கட்டும். வலுவூட்டும் தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாகவோ மீன் வால் போலவோ வெட்டுங்கள். மூடிய பெட்டி வடிவ ஃபிரேமில் போல்ட் போடும்போது உள்ளே குழாய் ஒன்றை வைக்காவிட்டால், இறுக்க இறுக்க ஃபிரேம் நசுங்கும், போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும்.

ரிவெட்டில் இருக்கும் பழைய கிராஸ்மெம்பரைக் கேஸ் கட்டர் வைத்து வெட்ட வேண்டாம். ரிவெட் தலையைக் கிரைண்டரில் தேய்த்து, நடுவில் துளையிட்டு, பஞ்ச் வைத்துத் தட்டுங்கள். அந்த இடத்தில் 10.9 தர போல்ட், துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் அளவில் போடுங்கள். கிராஸ்மெம்பரை எடுக்கும் முன் ஃபிரேமின் இரு கைகளுக்கும் நடுவில் ஒரு கம்பியைத் தற்காலிகமாக வெல்ட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் கைகள் விலகும், புதியது உட்காராது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முன் சஸ்பென்ஷன், ஆக்சில் முதலில். பிறகு கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும். அதன் பிறகு பின் உயரம். வண்டி நான்கு டயரில், தன் முழு எடையோடு, இறுதி உயரத்தில் நின்ற பிறகுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அளவு எடுக்க வேண்டும். அடுத்து ஸ்டியரிங், பிரேக், எக்ஸாஸ்ட், வயரிங். பிராக்கெட் எதையும் முதலில் புள்ளி வெல்டிங்கோடு நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, சஸ்பென்ஷனை மேலும் கீழும் முழுசாக ஓட்டிப் பார்த்து, சம்ப்பில் டிஃபரன்ஷியல் இடிக்கவில்லை, எக்ஸாஸ்டில் ஷாஃப்ட் உரசவில்லை என்று உறுதியான பிறகே முழு வெல்டிங்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளத்தையும் கோணத்தையும் எப்படிக் கணக்கிடுவது?

மாற்றிய வண்டிகள் திரும்பப் பட்டறைக்கு வரும் காரணங்களில் இதுதான் முதலிடம்.

நீளத்தை டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளேஞ்ச் முகத்திலிருந்து டிஃபரன்ஷியலின் பினியன் (ஷாஃப்ட் சுற்றும் சின்ன கியர்) ஃபிளேஞ்ச் முகம் வரை, வண்டி தரையில் நிற்கும்போது அளந்து எழுதுங்கள். சஸ்பென்ஷன் முழுசாக மேலேறிய நிலையிலும், முழுசாகத் தொங்கும் நிலையிலும் அதே அளவை எடுங்கள். ஸ்லிப் ஜாயின்ட் குறுகிய நிலையில் முட்டக் கூடாது, குறைந்தது 25 மில்லிமீட்டர் மிச்சம் வேண்டும். முட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கைத்தான் முதலில் உடைக்கும். தொங்கும் நிலையில் ஸ்ப்லைன் கழன்று வராத அளவுக்கு உள்ளே இருக்க வேண்டும்.

இரு முனையிலும் ஒற்றை கிராஸ் உள்ள ஷாஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியீடும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிராஸின் வேலைக் கோணமும் ஒன்றிலிருந்து மூன்று டிகிரி என்றால் உத்தமம். உயர்த்திய பிக்கப்பில் அது கூடிவிடும், ஆனால் இரு முனையும் சமமாக இருந்தால் அதிர்வு பெரும்பாலும் அடங்கும். கோணம் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் நின்று பள்ளம் தோண்டும். இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் விதி வேறு: பினியன் நேரே டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்க்க வேண்டும். பின் ஆக்சிலில் அதிலிருந்தும் ஒன்றிரண்டு டிகிரி கீழே வையுங்கள், ஏனென்றால் இழுக்கும்போது பினியன் மேலே எழும்பும்.

பழைய பின் ஷாஃப்டை வெட்டிக் குறைப்பதை லேத்தும் பேலன்சிங் இயந்திரமும் உள்ள இடத்தில் கொடுங்கள். 4.10 ரேஷியோ, 30 அங்குல டயர் என்றால் மணிக்கு 100 கிலோமீட்டரில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,850 முறை சுற்றும். அந்த வேகத்தில் குழாய் ஒரு நூல் கோணலாக இருந்தாலும் இருக்கை வரை தெரியும். இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

காஸ்டர் சரியாக வைத்தால் பினியன் கோணம் கெடுகிறது. என்ன செய்வது?

காஸ்டர் என்பது ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு. முழு ஆக்சிலில் இரண்டும் கட்டிப்போட்டது போலத்தான். ஆக்சிலின் மேல்பகுதியைப் பின்னுக்குச் சாய்த்தால் காஸ்டர் கூடும், ஸ்டியரிங் தானே நேராகும், ஆனால் பினியன் மூக்கு தரையைப் பார்க்கும். காஸ்டர் 4 முதல் 6 டிகிரி வேண்டும். அதற்காகச் சாய்த்ததில் ஷாஃப்ட் கோணம் தாங்காவிட்டால், ஆக்சில் குழாயின் முனையில் உள்ள நக்கிள் மவுன்டை வெட்டித் திருப்பி மறுபடி வெல்ட் செய்ய வேண்டும். அனுபவப்பட்டவர் மட்டும் செய்கிற வேலை இது. முன் ஹப்பை விடுவித்து ஓட்டினால் 2எச்சில் (இரண்டு சக்கர இயக்கம், ஹை ரேஞ்ச்) முன் ஷாஃப்ட் சுற்றாது. ஆகவே இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் பினியனை விட்டுக்கொடுங்கள், காஸ்டரை விடாதீர்கள்.

ஸ்டியரிங்?

ரேக் அண்ட் பினியன் முழு ஆக்சிலுக்கு ஆகாது, ஸ்டியரிங் பாக்ஸ் வேண்டும். பானார் ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) உள்ள காயில் ஸ்பிரிங் ஆக்சிலில் டிராக் லிங்க்கும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) பானார் ராடும் இணையாகவும், முடிந்தவரை ஒரே நீளமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1.5 முதல் 3 மில்லிமீட்டர்.

பிரேக்கில் என்ன மாற வேண்டும்?

முன் கேலிப்பர் பெரிதானால் மாஸ்டர் சிலிண்டரும் டோனரிலிருந்தே வரட்டும். பழையதோடு ஓட்டினால் பெடல் ஆழமாக இறங்கும். ஹோஸை முழுத் தொங்கலிலும் முழுத் திருப்பத்திலும் பார்த்து நீளம் தேர்ந்தெடுங்கள்.

பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலோடு கம்பியால் இணைத்த பாரம் உணரும் வால்வு இருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் தொட்டி காலி என்று அது நினைத்துக்கொள்ளும், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். எவ்வளவு உயர்த்தினீர்களோ அதே அளவு அந்தக் கம்பியின் பிராக்கெட்டையும் உயர்த்துங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று பேட், ஷூ எல்லாம் மாற்றிப் பார்த்துச் சலித்தவர்களின் வண்டியில் பல நேரம் இதுதான் காரணம்.

ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், வயரிங்?

வேக சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் வெளியீட்டில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸிலேயே விட்டால் லோ ரேஞ்சில் தப்பான வேகம் காட்டும், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் கியர் மாறும் நேரமும் குழம்பும். 28 அங்குலத்திலிருந்து 31 அங்குல டயருக்குப் போய்விட்டு எதையும் மாற்றாவிட்டால், முள் 100 காட்டும்போது வண்டி 110ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஹப்பின் சென்சார் வளையத்துப் பல் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மாறினால் ஒரு சக்கரம் பூட்டிவிட்டதாக நினைத்து, தேவையில்லாத நேரத்தில் பிரேக்கை விடும். மின்சார மோட்டாரில் 4×4 மாறும் புதிய வண்டிகளில் கன்ட்ரோல் யூனிட், டேஷ் ஸ்விட்ச், வயர் கட்டு மூன்றும் ஒரே டோனரிலிருந்து வர வேண்டும். லீவர் வகை கேஸ் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

முன் ஹப் பேரிங்கை எவ்வளவு இறுக்குவது?

உங்கள் ஆக்சிலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. டேனா 44 போன்ற ஆக்சில்களில் வழக்கம் இது: ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை 68 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி பேரிங்கை உட்காரவைப்பது, பிறகு கால் சுற்று தளர்த்துவது, பூட்டு வாஷர், அதன் மேல் வெளி நட்டு. வெளி நட்டை இறுக்கிய பிறகு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டமும் தெரியக் கூடாது, சுற்றும்போது கனமும் தெரியக் கூடாது. சுத்தியலும் உளியும் வைத்து நட்டைத் தட்டுகிற பழக்கத்தை விடுங்கள். அதற்கான சாக்கெட் மலிவானதுதான்.

என்ன ஆயில்?

டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர 80-90 கியர் ஆயில். டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் தவறு நடக்கும். 231, 208 போன்ற செயின் வகைகள் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலில் ஓடுபவை. உள்ளேயுள்ள சின்னப் பம்புக்குக் கெட்டியான கியர் ஆயில் ஏறாது. 205க்கு கியர் ஆயில். மேனுவல் கியர்பாக்ஸில் ஜிஎல்-4 கேட்டிருந்தால் மிச்சமிருக்கும் ஜிஎல்-5ஐ ஊற்றாதீர்கள். அதிலுள்ள சேர்மங்கள் பித்தளை சிங்க்ரனைசரைத் தின்னும்.

முன் டிஃபரன்ஷியல் பிரீதர் ஹோஸை இன்ஜின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோங்கள். சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் தண்ணீருக்கு அடியில் இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

முதல் ஓட்டத்தை எப்படிச் செய்வது?

ஸ்டாண்டுகளை ஃபிரேமுக்கு அடியில் வைக்காமல் ஆக்சிலுக்கு அடியில் வைத்து நான்கு சக்கரத்தையும் தூக்குங்கள். ஃபிரேமில் தூக்கினால் ஷாஃப்ட் தொங்கும் கோணத்தில் ஓடும், இல்லாத சத்தமெல்லாம் கேட்கும். முதல் கியரில், ஐடிலில், 2எச், 4எச், 4எல் (4×4 லோ ரேஞ்ச்) மூன்றிலும் ஓட்டுங்கள். நான்கு சக்கரமும் ஒரே திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் பாருங்கள். ஏதும் உரசும் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து கப்பி மண்ணில், மெதுவாக. 4×4ஐத் தார்ச்சாலையில் சோதிக்க வேண்டாம். திருப்பத்தில் முன், பின் சக்கரங்கள் வேறு வேறு தூரம் போகும், பார்ட் டைம் கேஸில் (தேவைப்படும்போது மட்டும் 4×4 போடும் வகை) அதற்கு விட்டுக்கொடுக்க நடு டிஃபரன்ஷியல் இல்லை. 100 கிலோமீட்டரில் யூ-போல்ட், ஃபிளேஞ்ச் போல்ட், வீல் நட்டு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை, அப்போது டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

மாற்றிய பிறகு 60-80 வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக ஆடுகிறதே?

முழு ஆக்சில் வண்டிகளில் ஒரு குழியில் விழுந்ததும் முன்பக்கம் முழுவதும் நடுங்கத் தொடங்கி, வேகத்தைக் குறைத்தால் மட்டுமே நிற்பது தெரிந்த பிரச்சினை. உடனே ஸ்டியரிங் டாம்பர் வாங்கி மாட்டுவார்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டட்டும், மற்றவர் அடியில் ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்கட்டும். பானார் ராடின் போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பது முதல் சந்தேகம். அடுத்து பால் ஜாயின்ட், டை ராட் முனை, குறைந்த காஸ்டர், டயர் பேலன்ஸ்.

இறங்கும்போது முனகல், ஏறும்போது இல்லை. ஏன்?

ஆக்சிலரேட்டரை விட்டு உருளும்போது மட்டும் சத்தம் வந்தால் பினியன் பேரிங் தளர்வு அல்லது கிரவுன் வீல், பினியன் பல் பொருத்தம் சரியில்லை. வேகத்தோடு சேர்ந்து ஏறும் அதிர்வு ஷாஃப்ட் பேலன்ஸ் அல்லது கோணம். கியர் போட்ட கணத்தில் மட்டும் டக் என்றால் தேய்ந்த கிராஸ் அல்லது தளர்ந்த ஸ்ப்லைன்.

4×4 லீவர் தானாக வெளியே குதிக்கிறது?

முதலில் லிங்க்கைப் பாருங்கள். ஃப்ளோர் ஓட்டையின் விளிம்பில் லீவர் முட்டி முழுசாக உள்ளே போகாமல் நிற்பது மாற்றிய வண்டிகளில் சாதாரணம். ஓட்டையைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும். மவுன்ட் ரப்பர் தளர்ந்து கேஸ் முறுக்கும்போது லீவரை இழுப்பது அடுத்த காரணம். இரண்டும் இல்லை என்றால்தான் கேஸைத் திறக்க வேண்டும்.

பதிவும் காப்பீடும்?

இயக்க முறை, எடை, உயரம், சில சமயம் ஃபிரேமே மாறுகிறது. பல நாடுகளில் இதற்கு முன் அனுமதியோ பொறியாளர் சான்றோ தேவை. வெட்டத் தொடங்கும் முன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேளுங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் விபத்தின்போது இழப்பீட்டை மறுக்க அது ஒன்றே போதும். டோனர் வண்டியின் ரசீது, வேலையின் ஒவ்வொரு கட்டப் போட்டோ, வெல்டிங் செய்தவரின் பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஃபிரேம் வெல்டிங்கைப் பற்றித்தான் இருக்கும். பெயின்ட் அடிக்கும் முன் எடுத்த போட்டோ அங்கே உதவும்.